ஆடு முட்டியதாகச் சொன்ன ஒடுக்கு

அன்புள்ள தங்கை வெலிகாவுக்கு அக்காள் ஸ்தாமென்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தான் பென்யோவும் ஒன்பது கோழிகளும் சுகம். கடற்கரையில் நீ சுகமாக இருக்கிறாயா என்பது நீ எழுதினால்தான் தெரியும், நீ எழுதுவதில்லை. போகட்டும்.

பேத்தி ரலீத்சாவுக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம், பத்திரிகை வந்திருக்கும். தாத்தாவின் பழைய மோட்டார் சைக்கிளில் ஏறித்தான் தேவாலயத்துக்குப் போவேன் என்று நிற்கிறாள். நீ வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யவேண்டும். அந்த வண்டியின் பெட்ரோல் டேங்கில் வலப்பக்கம் இருக்கிற ஒடுக்கை உண்டாக்கியது நீதான், ஆடு இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அனுப்பாவிட்டால் வராதே.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம், புனித ஜார்ஜ் திருநாளுக்கு மறுநாள், புதன்கிழமை. எனக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம். நீ பச்சைப் பாவாடை போட்டிருந்தாய், அதுவும் என்னுடையது. யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், கீழ்த்தெருவிலிருந்து மேடேறி வந்து, எங்கள் வாசல் ஊற்றுத்தொட்டியின் உருண்டைக் கல்மேல் வலப்பக்கமாகச் சாய்ந்தாய். ஜன்னலில் நின்று பார்த்தேன். பாவாடையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து என் மாமியாரிடம், "அத்தை, ஆடு முட்டிடுச்சு" என்றாய். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "நீ கொண்டுவந்த சீதனமே ஒரு ஆடு, அதுவும் வண்டியை முட்டுது" என்றார். புது மருமகள் பேச்சை யார் கேட்டார்கள்? சனிக்கிழமைக்குள் என் சாம்பல் ஆட்டை வெட்டியாகிவிட்டது. நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய். குழம்பைத் துடைக்க ரொட்டியும் கேட்டாய்.

அன்றிலிருந்து அந்த ஒடுக்குதான் என் சாட்சி. போன மாதம் உன் அத்தான் டேங்கைக் கழற்றி முற்றத்து மேசையில் வைத்ததும், ஐயோ, என் சாட்சியைத் தட்டி எடுக்கப்போகிறார் என்று கையில் மாவோடு ஓடினேன். ரலீத்சா சிரிக்கிறாள். "அதை யாரு பாட்டி எடுக்கச் சொன்னா? சோபியா நகரத்துல இந்த மாதிரி குழி வேணும்னு காசு குடுத்து அடிச்சு வாங்கறாங்க. முழங்கால் உள்ள பொருந்தி உக்காந்துக்கும். எவ்வளவு அழகா இருக்கு பாரு. இடப்பக்கமும் இதே மாதிரி வேணும்." அழகாம். ஒரு ஆடு உயிரை விட்ட ஒடுக்கு, அழகாம்.

உன் அத்தான் முப்பது வருஷம் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்த மனுஷன். தகரமும் மாவுதான், பிசைகிறவன் கையில் இருக்கிறது என்கிறார். வலப்பக்கத்தை அட்டையில் அளவெடுத்து, அட்டையைத் திருப்பி, இடப்பக்கம் வைத்துக் கோடு போட்டார். மரக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே போகும், கையை எடுத்தால் 'டொப்' என்று வெளியே வரும். மூன்று நாள் டொப், டொப். என் கோழிகள் எதிர்வீட்டு மார்கா வீட்டில் போய் முட்டையிட்டன. நாலாம் நாள், "சூடு காட்டினாத்தான் இளகும்" என்றார். உள்ளே பழைய பெட்ரோல் வாடை இருக்குமே, முதலில் கழுவுங்கள் என்று நான்தான் சொன்னேன், தப்பு என்னுடையது. "கழுவிட்டேன்" என்றார். எதால் என்று கேட்டதற்கு, "வீட்டுல எது ரொம்பச் சுத்தமோ அதால" என்றார். கல்யாணத்துக்கென்று இரண்டு தடவை காய்ச்சி வைத்திருந்த பிளம் சாராயம், வெலிகா, மூன்று லிட்டர். ஊற்றிக் குலுக்கி வடித்துவிட்டு, கேஸ் தீக்குழாயைப் பற்றவைத்துக் கிட்டே கொண்டுபோனார். டேங்க் ஒரே ஒரு மூச்சு விட்டது. புகை விலகியபோது மனுஷனுக்குப் புருவம் இல்லை, மீசை பாதி இல்லை. குழியவேண்டிய இடப்பக்கம் பல்வலிக்காரன் கன்னம் மாதிரி புடைத்து நின்றது. "பாத்தியா, இளகிடுச்சு" என்றார் அரை மீசையோடு.

அதற்குப்பிறகு மணலை நிரப்பி அடித்தார், மணல் மூட்டைமேல் கவிழ்த்து அடித்தார், என் கல்யாணச் செம்புக்குடத்தின் அடியை வைத்து அழுத்தினார். புடைப்புதான் கொஞ்சம் இறங்கியதே தவிர குழி விழவில்லை. ரலீத்சா வாடகைக் காரில் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் போய் அழுதாள். இதுதான் போதாதென்று, தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து வலப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். "யாரு கைவேலை பென்யோ?" "ஆடு பண்ணினது. இப்ப அந்த மாதிரி ஆடு எங்க கிடைக்குது?" செத்து ஐம்பத்தைந்து வருஷம் கழித்து என் ஆட்டுக்குப் பேர் வருகிறது, அதுவும் அது செய்யாத வேலைக்கு. எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

ஆகையால் தாளை உடனே அனுப்பு. ஊரறியக் கல்யாணப் பந்தியில் படிக்கப்போகிறேன். உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பற்களும் கிடைக்கட்டும். மீதி ஆசீர்வாதம் தாள் வந்தபிறகு.

இப்படிக்கு,
எல்லாம் ஞாபகம் இருக்கிற அக்காள்,
ஸ்தாமென்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தாளை அனுப்பாதே.

இன்று காலை உன் அத்தான் அளவு பார்ப்பதற்காக டேங்கை வண்டியில் மாட்டி வாசலில் நிறுத்திவிட்டு, கிளம்பிக் கடைப்பக்கம் போனார். நீ அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று பார்க்கத்தான் ஏறினேன். தாங்குகால் மடங்கிவிட்டது. வண்டி சரிவில் இறங்கியது. பிரேக் எங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நான் யாரையும் கேட்டுவைக்கவில்லை. நீ மேடேறி வந்தாய், கல் வலப்பக்கம். நான் இறங்கிப் போனேன், அதே கல் இடப்பக்கம். எனக்கு ஒன்றுமில்லை. பாவாடையைத் தட்டிக்கொண்டேன்.

உன் அத்தான் வந்து இடப்பக்கம் விழுந்திருந்த குழியில் அட்டையை வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "ஸ்தாமென்கா, இதை யாரு செஞ்சது?"

வாயைத் திறந்தேன். "ஆடு முட்டிடுச்சு" என்று வந்தது.

"நம்மகிட்ட ஏது ஆடு?"

"மார்கா வீட்டு ஆடு."

மிச்சமிருந்த சாராயத்தை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கு நன்றி சொல்லப் போயிருக்கிறார். ரலீத்சா அதற்கு மாலை கட்டுகிறாள்.

நீ கட்டாயம் கல்யாணத்துக்கு வா. யாராவது கேட்டால் ஆடுகளைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல். வரும்போது பச்சைப் பாவாடையை எடுத்துவா. அதை நான் மறக்கவில்லை.