வரவேற்பறை மிளகாய்

மிளகாய்ச் செடிகளின் இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருப்பதை முதலில் கவனித்தவர் மேலாளர். கவனித்ததும் கணக்கரைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுல மீன் வளர்க்கிறீங்கல்ல?"

கணக்கர் வீட்டில் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஒரே ஒரு மீன் இருந்தது. அதுவும் மகள் வளர்ப்பது. ஆனால் மேலாளரிடம் இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாததால், ஆமாம் என்றார். வரவேற்பறைத் தொட்டி அவர் தலையில் விடிந்தது.

நிறுவனத்தின் தலைவர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த சூட்டோடு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவைத்த தொட்டி அது. கீழே மீன்கள். மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டில் மிளகாய்ச் செடிகள். மீன் கழிந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். செடிகள் அதிலுள்ள உரத்தை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாகக் கீழே அனுப்பும். மண்ணே வேண்டாம். ஒருத்தர் கழிவில் இன்னொருத்தர் வளர்வது இந்த அலுவலகத்துக்குப் புதுசா என்று தட்டச்சர் முணுமுணுத்தாள்.

இப்போது தலைவரே பார்வையிட வருகிறார்.

"அவர் வந்து மிளகாயைப் பார்க்கலைன்னா, நீங்க கிடங்கைப் பார்க்கப் போயிடுவீங்க" என்றார் மேலாளர்.

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, எலி, பேச்சுத் துணைக்கு ஒரு காவலாளி. அவருக்கும் காது கேட்காது.

செடிக்குப் பசி என்று கணக்கர் முடிவு செய்தார். மீன் நிறையத் தின்றால் நிறையக் கழியும், செடிக்கு நிறையக் கிடைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கை நிறைய அள்ளி அள்ளித் தீனி போட்டார். மீன்கள் தின்றது போக மிச்சம் அடியில் அழுகியது. தண்ணீர் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. வரவேற்பாளர் தன் மேசையை மாடிப்படி ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டாள்.

உடனே பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் விட்டு, செடிகளைப் பிடுங்கி, கற்களைக் கொதிநீரில் அலசி, மறுபடி நட்டார். வாடை போனது. கழிவை உரமாக்கித் தந்துகொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் கூடவே போய்ச் சேர்ந்தன. புதுத் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி வெளிறிப்போய் வந்தன.

கைபேசியில் தேடினார். இரும்புச்சத்து இல்லை என்றது அது. மனைவிக்கு மருத்துவர் எழுதித் தந்த இரும்பு மாத்திரைகளை அட்டையோடு எடுத்துவந்து, பொடித்துப் போட்டார். தொட்டித் தண்ணீர் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர்போல் ஆனது. மீன்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. பதறிப்போய் அவற்றைத் துழாவிப் பிடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலாளரின் தனிக் குளியலறை வாளியில் விட்டார்.

சற்று நேரத்தில் மேலாளர் இடுப்பு வாரைப் பிடித்தபடி வெளியே வந்தார். வாளிக்குள்ளிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதாகச் சொன்னார்.

மீன்கள் எப்படியோ பிழைத்துத் தொட்டிக்குத் திரும்பின. செடிகள்தான் இலை உதிர்த்துக் குச்சியாக நின்றன.

கடைசி முயற்சியாக, நாற்றுப் பண்ணையிலிருந்து பச்சைப் பசேலென்ற செடிகளை வாங்கிவந்து நட்டார். ஆனால் ஒன்றிலும் காய் இல்லை. தலைவர் வருவதற்கு முந்தைய நாள், விடுமுறையில் ஆளில்லாத அலுவலகத்தில், காய்கறிக் கடை மிளகாய்களை மனைவி எடுத்துக் கொடுக்க, கணக்கர் ஒவ்வொன்றாகக் காம்பில் நூல் சுற்றிச் செடியில் கட்டினார்.

"கல்யாணமான நாள்லேருந்து என் ரவிக்கைக்கு ஒரு கொக்கி தைச்சுத் தந்ததில்ல" என்றாள் மனைவி. "மிளகாய்க்கு மட்டும் என்ன பாசம்."

கணக்கர் அடுத்த மிளகாய்க்குக் கை நீட்டினார். அவர் பல்லிடுக்கில் நூல் இருந்தது.

மறுநாள் தலைவர் வந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். அவர் முகம் மலர்ந்ததும் மேலாளர் முன்னால் வந்து, தினமும் தானே நேரடியாகக் கவனித்து வருவதாகவும், அக்கறை இருந்தால் எதுவும் காய்க்கும் என்றும் சொன்னார். கணக்கர் பின்வரிசையில் நின்று கைதட்டினார். புகைப்படக்காரர் கிட்டே வந்து படமெடுத்தார்.

பிறகு தலைவர் ஒரு மிளகாயைப் பறிக்கக் கையை நீட்டினார்.

கணக்கருக்குத் தகரக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. மேலாளர் சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் தலைவரின் செயலாளர் அம்மாள் இடையில் புகுந்து, அடுத்த கிளைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவரை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

கணக்கர் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டார். செயலாளர் மட்டும் கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தாள். தொட்டிப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, அவர் காதோரம் தணிந்த குரலில் சொன்னாள்:

"வெள்ளை நூல் போட்டோவுல தெரிஞ்சிடும் சார். தலைமை அலுவலகத்துல நாங்க பச்சை நூல்லதான் கட்டுவோம்."