மாமனார் நாக்கும் இரண்டு ஃபில்டர்களும்

"பேப்பர்ல வடிச்சது சுத்தமா இருக்கு. ஆனா உசிரு இல்ல, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாமனார் காலிக் கோப்பையை மேஜையில் வைத்தார்.

மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. இருபது வருடம் பல்செட் செய்த மனிதர். தூசி அளவு மேடு இருந்தாலும் விரல் நுனியில் கண்டுபிடித்துத் தேய்த்துவிடுவார். அந்த வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை நூலக வாசலில் காபிக் கடை போடப்போகிறார். கூம்பில் வெந்நீரை மெல்ல ஊற்றி, ஒவ்வொரு கோப்பையாக வடித்துத் தரும் கடை. பேப்பர் ஃபில்டரா, ஸ்டீல் ஃபில்டரா என்று சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் மொத்த வியாபாரியிடம் சொல்லாவிட்டால் சரக்கு வராது. பழைய வேலைக்கும் திரும்ப முடியாது. அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

நல்லவேளையாக, புதன்கிழமை மாமனார் வந்து இறங்கினார். அவர் நாக்கு சாதாரண நாக்கா? ஒரு வாய் குடித்தால், கொட்டை எந்தச் சரிவில் காய்ந்தது, நடுவில் மழை வந்து யார் ஓடிப்போய் அள்ளி வைத்தார்கள் என்பதுவரை சொல்லிவிடும்.

ஸ்டீலில் வடித்துக் கொடுத்தார் மாப்பிள்ளை. உயிர் வந்துவிட்டதாம், ஆனால் வண்டல் நிற்கிறதாம். "அடி வரைக்கும் குடிச்சாத்தானே வண்டல் தெரியும்" என்று மாமனார் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தார். வண்டல் போனது, ருசியும் கூடவே போய்விட்டதாம். பேப்பரை முதலில் வெந்நீரில் அலசிவிட்டு வடித்தார். காகித வாடை போய்விட்டதாம், ஆனால் காபி மணமும் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டதாம். கடைசியில் ஸ்டீலுக்குள் பேப்பரையே போட்டு ஊற்றினார். அது சொட்டி முடிப்பதற்குள் ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்த்துப் படிப்பையும் முடிக்க வைத்துவிடலாம். வாயில் வைத்தால் கஷாயக் கசப்பாம்.

"கசக்குது. ஆனா உள்ள ஏதோ ஒண்ணு இருக்கு" என்றார் மாமனார், முழுவதும் குடித்துவிட்டு. "இன்னொரு தடவை போடுங்க, பிடிச்சிடலாம்."

வியாழக்கிழமை எட்டுக் கோப்பை. வெள்ளிக்கிழமை பதினொன்று. பல்செட் தேய்க்கும் குட்டிப் பிரஷால் ஸ்டீல் வலையைத் தேய்த்துத் தேய்த்து மாப்பிள்ளையின் விரல் வீங்கியது. தண்ணீர் குடிக்கக் கோப்பை கிடைக்காமல் மனைவி சொம்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆனால் மாமனார் மட்டும் சளைக்கவில்லை. அந்த வயதில் இன்னொருவருக்காக இப்படி உழைக்க யாருக்கு மனசு வரும் என்று மாப்பிள்ளை உருகிப்போனார்.

சனிக்கிழமை பதினொன்றரை. இரண்டிலும் வடித்து வைத்தார். இரண்டும் காலியாயின.

"ரெண்டும் நெருங்கி வந்திருச்சு, மாப்பிள்ளை. ஒரே ஒரு சுத்து இருந்தா சொல்லிடலாம்."

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது: இத்தனை நாளில் தன் நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. அப்பேர்ப்பட்ட நாக்கு வீட்டில் இருக்கும்போது இது எதற்கு என்று விட்டுவிட்டார். பேப்பரில் தனக்காக ஒன்று வடித்து, நின்றபடியே குடித்தார். கண்ணாடிபோலத் தெளிவு. கடைசி வாயில் ஆரஞ்சுத் தோலின் மணம். போனை எடுத்து, "பேப்பரே அனுப்பிடுங்க" என்றார்.

கண்ணெதிரே கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்போல் ஆனார் மாமனார். ஸ்டீலுக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதானே நியாயம் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"முடிவாயிடுச்சு மாமா. நீங்க இல்லேன்னா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன்" என்று மாப்பிள்ளை அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, பையும் கையுமாக மாமியார் உள்ளே நுழைந்தார். மேஜையில் கிடந்த கோப்பைகளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"டாக்டர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கப்புன்னு சொன்னதிலிருந்து இப்படித்தான் மாப்பிள்ளை, போன வாரம் முழுக்கப் பெரிய மாப்பிள்ளைக்கு டீத்தூள் தேர்ந்தெடுத்துக் குடுத்துட்டு வந்தாரு."