பின்பக்கத்துக் குமிழ்

நாலாவது நாளாகக் கணக்கு வாத்தியார் வீட்டு ஸ்பீக்கர் வாயில் துணி அடைத்தது போலப் பாடியது.

காலையில் ஈக்குவலைசரின் பத்துப் பட்டனையும் மயிரிழை பிசகாமல் ஏற்றி இறக்கி, பாட்டைத் தேனாக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். சாயங்காலம் வந்து போட்டால் பழைய குருடி கதவைத் திறடி. செட் வாங்கிய கடைக்குப் போன் போட்டார்.

"வீட்ல யாராவது கை வெச்சாங்களான்னு கேளுங்க சார்."

"அதை மட்டும் கேக்க முடியாதுப்பா."

கேட்பதற்கு மனைவி ஒருத்திதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அக்கா மகள் கல்யாணப் பேச்சில் நடந்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "நீ கொஞ்சம் வாயை மூடினா பாட்டு நல்லா கேக்கும்" என்று சொல்லித் தொலைத்தார். மூடியவள்தான். இன்று வியாழன். முதலில் பேசினால் தோல்வி என்று வாத்தியாரும் விறைப்பாக இருந்தார்.

ஸ்பீக்கரை மூலைக்கு நகர்த்தினார். ஜன்னலோடு அலமாரி டம்ளர்களும் சேர்ந்து அதிர்ந்தன. அதிர்வை அடக்கச் சுவரில் மெத்தையைச் சாய்த்தார். பாட்டு கிணற்றுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் மெத்தை சரிந்து பூந்தொட்டி உடைந்தது. அது அவள் ஆசையாக வளர்த்த செடி.

சமையலறையிலிருந்து வந்து நின்று பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். வறட்டுக் கௌரவம் வந்து மூடிவிட்டது. அவள் மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பாட்டா முக்கியம்? அந்தக் கல்யாணம் முடிவானதா, முறிந்ததா என்றுகூடத் தெரியாமல் நாலு நாளாக மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் போன்.

"செட்டே போச்சுப்பா. நேர்ல வந்து பாரு."

"கேட்டீங்களா சார்?"

"இல்லப்பா. நீ வா."

கடைக்காரர் வந்தார். பத்துப் பட்டனில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. செட்டுக்குப் பின்னால் கையை விட்டு, வாத்தியார் இதுவரை பார்த்தேயிராத ஒரு சின்னக் குமிழைத் திருப்பினார். குரல் பளிச்சென்று தெளிந்தது.

"இது எப்படிப்பா தானா திரும்பும்?"

கடைக்காரர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா திங்கக்கிழமையே கடைக்கு வந்தாங்க சார். தினமும் எதைக் கொஞ்சம் திருப்பி வெச்சா நீங்க அவங்களைக் கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு கேட்டாங்க, நான் இதைச் சொன்னேன். நீங்க என்னைக் கூப்பிடுவீங்கன்னு நாங்க ரெண்டு பேருமே நினைக்கல."