பச்சை விளக்கும் காலை வணக்கப் பூவும்

பூலாம்பாடி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா சிந்தாமணி அவர்களுக்கு, மருதாயி கைப்பட எழுதுவது. இங்கே நானும் நம் பேத்தி முத்தமிழும் கறவை மாடும் சுகம். திருமானூரில் நீங்களும் உங்கள் மகன் ராஜேஷ் தம்பியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். விஷயம் கோணல் இல்லை.

"பூலாம்பாடியில நெட்டு நிக்காது, புள்ளைய இங்க அனுப்பிடுங்க" என்று போன மாதம் கேட்டீர்கள். முடியாது என்றேன். கொஞ்ச நாளாகப் போனை எடுப்பதில்லை நீங்கள். கோபம்தான், தெரிகிறது. ஆனாலும் தினம் விடிந்ததும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வந்துவிடுகிறது, அதுவரைக்கும் நிம்மதி. பேத்தி இங்கேயேதான் இருப்பாள், நெட்டும் நிற்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முத்தமிழ் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள் இல்லையா, அதற்கு இரண்டு லைன் வாங்கியிருக்கிறாள். ஒன்று கேபிள்காரர் கூடத்தில் வைத்த பெட்டி, இன்னொன்று சிம் போட்ட பெட்டி. இரண்டு ஒயரையும் கம்ப்யூட்டருக்குள் சேர்த்து ஒரே ஒயர் மாதிரி ஆக்கிவிட்டாள். அதற்குப் பெயர் பாண்டு. ஒன்று படுத்துக்கொண்டால் மற்றது எழுந்து வேலை பார்க்குமாம். அதோடு விட்டாளா? கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆபீஸ் வேலைக்கென்று தனி ரூம் ஒன்று கட்டி, அந்தப் பாண்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். வெளியில் நடப்பது உள்ளே தெரியாது, உள்ளே நடப்பது வெளியில் தெரியாது. அந்த ரூமுக்குப் பெயர் நேம்ஸ்பேஸ். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால் சொல்லலாம் என்று. இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஆபீசர் வீடியோவில் வந்து வேலையைப் பார்ப்பதாக ஏற்பாடு. "இந்தத் தடவையும் நெட்டு நின்னா வேற ஊர் பாத்துக்கம்மா" என்று முன்னமே சொல்லியிருந்தாராம். சரியாக அன்றைக்கு அந்த ரூமுக்குள் எல்லாம் நின்றுபோனது. வெளியிலோ சிம் பெட்டியின் வைஃபையில் என் சீரியல் அருமையாக ஓடுகிறது! பிள்ளை தேடுகிறாள், தேடுகிறாள், "அப்பத்தா, பாண்டையே காணோம்" என்கிறாள். "தொலைஞ்சா போவட்டும், அழுவாத, டவுன்ல புதுசு வாங்கிக்கலாம்" என்றேன். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு, "ரூமுக்குள்ள வச்சதை வெளியில தேடிக்கிட்டிருக்கேன்" என்று உள்ளே போய்ப் பார்த்தாள். பார்த்தால் இரண்டு ஒயரும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஒரு பேச்சும் போகவில்லை. அவள் கண் கலங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் மிளகாயும் உப்பும் எடுத்துக் கம்ப்யூட்டருக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். "அப்பத்தா, ஆபீசர் வர நேரம், தும்மல் வருது!" என்று கத்தினாள்.

தும்மிக்கொண்டேதான் கண்டுபிடித்தாள். கேபிள் லைனின் ஒயர் மேசைமேல் உள்ள சின்னப் பெட்டி ஒன்றில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கூடத்துப் பெட்டிக்குப் போகிறது. சின்னப் பெட்டிக்குக் கரண்டு இருக்கிறது, அதனால் விளக்கு எரிகிறது. பாண்டு விளக்கை மட்டும் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு' என்று நம்பி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோடியில் ஆள் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. முதல் லைன் நன்றாயிருக்கிறது என்றால் இரண்டாவது ஏன் எழுந்திருக்கப் போகிறது? "இனிமே வெளக்கை நம்பாத, அப்பப்ப கூப்புட்டுப் பாரு, பதில் வந்தாத்தான் நம்பு" என்று அதற்கு எழுதி வைத்தாள். உடனே அது சிம் லைனுக்கு மாறிக்கொண்டது. ஆபீசர் முகம் வந்தது. சபாஷ் என்றாராம். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள். கேபிள் பெட்டியின் பிளக் தரையில் கிடக்கிறது, அந்த இடத்தில் என் மிக்ஸி. அதிரசத்துக்கு மாவு அரைத்தேன், கழற்ற மறந்துவிட்டேன். "அப்பத்தா..." என்று பல்லைக் கடித்தாள். "உங்கம்மாயிக்குத்தான்டி செய்யிறேன்" என்றேன். உங்களுக்கென்றால் அப்புறம் எப்படித் திட்டுவாள்?

ஆகையால் பேத்தியை அனுப்புவதற்கில்லை. அதிரசம் மட்டும் வரும். உங்கள் வயலும் வீடும் நிறைந்து, கால் கை சுகத்தோடு நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி மருதாயி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவள் நிறுத்திவிட்டேன். உங்கள் ரோஜாப்பூவும் அந்தப் பச்சை விளக்கு மாதிரிதானே என்று தோன்றியது. "முத்து, உங்கம்மாயிக்குப் போன் போடு, எடுக்கிற வரைக்கும் விடாத" என்றேன். கடைசியில் ராஜேஷ் தம்பிதான் எடுத்தது. "அம்மா நல்லாருக்காங்க அத்தே" என்றது. "நல்லாருந்தா அவங்க கையில குடுங்க தம்பி" என்றேன். தம்பி அழுதுவிட்டது. வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து, அரியலூர் ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறீர்களாம். சம்பந்தியம்மா பயப்படுவாங்க என்று நீங்கள்தான் மறைக்கச் சொன்னீர்களாம். பூவெல்லாம் தம்பி அனுப்பியதாம்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். பேத்தி கம்ப்யூட்டரை மூட்டை கட்டுகிறாள், நான் அதிரசத்தைக் கட்டுகிறேன். மாட்டைப் பக்கத்து வீட்டு அம்பிகா பார்த்துக்கொள்வாள். காலை பஸ்ஸில் வருகிறோம், கால் ஊன்றி நடக்கிறவரை அங்கேதான். உங்கள் ஊரில்தான் நெட்டு நன்றாக நிற்குமாமே! இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன். இனிமேல் பூ வேண்டாம் சம்பந்தியம்மா. நான் கூப்பிட்டால் நீங்களே 'ம்' என்று ஒரு சத்தம் கொடுங்கள், போதும்.