மர்ம நபர்கள் இருவர், நேரலையில்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். எங்கள் பக்கத்தில் அது பெரிய குறையும் இல்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வீசினாலே, “இன்னா நாத்தம் இது, புச்சா கீதே?” என்று மூக்கை நீட்டி விசாரிக்கிற ஜனம் நாங்கள். ஆனால் அந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து, எதிரே ஒரு வகுப்பையும் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சொந்த அக்காவின் கல்யாணத்தை நேரலையில் கெடுக்கப் பார்த்தவன் நான்.

அப்போது ஒரு பத்திரிகை ஆட்குறைப்பில் வெளியே வந்து, கல்லூரி ஒன்றில் இதழியல் மாணவர்களுக்கு இணைய ஊடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். (சொல்லிக்கொடுத்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. ஃபோனைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும் என்பதையே ஒரு மாணவிதான் எனக்குச் சொன்னாள்.) பாடத்திட்டத்தில் இன்னமும் தந்தி வந்துகொண்டிருந்தது. அதை மூடிவைத்துவிட்டு, “இனிமே எல்லாம் செல்ஃபோன்லதான். ஃபார்வர்டை நம்பாதீங்க, படத்தை நம்பாதீங்க, என்னையே நம்பாதீங்க” என்று முழங்குவேன். கடைசியில் சொன்னதை மட்டும் அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

அதே சமயம் வீட்டில் எனக்குத் தெரியாமல் வேறொரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கலைச்செல்வி, தன்னோடு வேலை பார்க்கும் ராயபுரத்துப் பையனை விரும்பி, அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து, ஒருவழியாக இரண்டு வீட்டையும் இறங்கி வரச் செய்திருந்தாள். பையனின் பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள். “நாலு இடத்துல விசாரிப்போம். திருப்தியா இருந்தாத்தான் மேற்கொண்டு பேச்சு” என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டுத் தெருவுக்குள் யாரோ எவரோ போல வந்து, கடை கடையாக நின்று துருவுவது ஊரறிந்த வழக்கம்தானே. அது எனக்குத் தெரியக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். “இவன்கிட்ட சொன்னா செல்லுல போட்டுடுவான்” என்பதுதான் காரணம்.

அந்தச் சனிக்கிழமை மாணவர்களுக்குக் களப்பயிற்சி. ‘உங்கள் தெருவில் ஒரு செய்தி’ என்று தலைப்பு கொடுத்து, அவர்களை விம்கோ நகரில் எங்கள் தெருவுக்கே அழைத்து வந்தேன். (மதியம் வீட்டில் வஞ்சிரம் குழம்பு. அதுவும் ஒரு காரணம்.) முனையில் டீக்கடை வைத்திருக்கும் சேகர் அண்ணன் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னா வாத்தியாரே, ரெண்டு பேரு உங்க வூட்டப் பத்தியே கேட்டுகினு கீறாங்க. வூடு சொந்தமா வாடகையா, பெரியவரு தண்ணி போடுவாரா, பகல்ல வூட்ல யாரு இருப்பாங்கன்னு. ஒரு மாரியா கீது நைனா.”

எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எங்கள் வீட்டுச் சுவர் விரிசலைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மாடியில் காயும் துணிகளைக்கூட விடாமல் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போயிருந்தார், அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். திருட்டுக் கும்பல்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு செய்தேன். (வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகப்பட மறந்த இடம் அதுதான்.)

“சார், அவங்களையே இன்னான்னு கேட்டுடலாமே?” என்றாள் ஜெனிஃபர். காசிமேட்டுப் பெண், வகுப்பிலேயே கெட்டி.

“கேட்டா உண்மையச் சொல்லிடுவாங்களா? முதல்ல ஆதாரம்மா!” என்று அடக்கினேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் செய்தி போடக் கூடாது என்று முந்தின நாள்தான் அதே ஜெனிஃபரை எழுத வைத்திருந்தேன்.

எங்கள் இதழியல் துறையின் சேனலில் நேரலையைத் தட்டினேன். “விம்கோ நகரில் மர்ம நபர்கள்! வீடுகளை நோட்டமிடும் ஜோடி!” என்று கிசுகிசுத்தபடி விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வழக்கமாக எங்கள் சேனலைப் பார்ப்பவர்கள் மாணவர்களின் தாய்மார்கள் மட்டுமே. அன்று தெருவே பார்த்தது, பக்கத்துத் தெருவும் சேர்ந்துகொண்டது. கருத்துகள் கொட்டின. எனக்கு அவற்றைப் படிக்க ஏது நேரம்? எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அக்காவின் அழைப்பு வந்தது. வெட்டினேன். மறுபடியும் வந்தது. “நேரங்காலம் தெரியாத ஜென்மம்” என்று திட்டியபடி மறுபடியும் வெட்டினேன்.

அதற்குள் யாரோ ‘புள்ள புடிக்கிறவங்களாம்’ என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, சுற்றி ஒரு கூட்டம். ஒருவன் பெரியவரின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினான். இன்னொருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அந்த அம்மா கணவரின் கையை இறுகப் பற்றியதைத் திரையில் பார்த்ததும் கம்பத்தை விட்டு வெளியே வந்தேன். “யாரும் கை வைக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் கையில் நேரலை அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு முன்னால் அம்மா வந்துவிட்டாள். நைட்டிமேல் துண்டு, கையில் குழம்புக் கரண்டி. (நேரலையைப் பார்த்துப் பதறிய அக்கா, நான் வெட்டியதும் அவளை அழைத்திருக்கிறாள்.)

“எவன்டா அது, எங்க சம்பந்தி மேல கை வெச்சது? எட்றா கைய!”

இன்னும் பேச்சே தொடங்காத சம்பந்தம், நேரலையில் ஊருக்கே அறிவிக்கப்பட்டது. கூட்டம் சட்டென்று விலகியது. அந்த அம்மா மூச்சு வாங்கியபடி ஃபோனும் கையுமாக நின்ற என்னைக் காட்டி, “இது யாரு?” என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். “எதிர்வூட்டுப் பையன்” என்றாள்.

“இன்னாக்கா, உங்க புள்ளதானே?” என்று உதவிக்கு வந்தார் சேகர் அண்ணன்.

அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் அக்கா வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. “அவங்கள சம்மதிக்க வெக்க நான் எவ்ளோ அழுதிருக்கேன்னு தெரியுமாடா உனக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வெட்கத்தில் நான் குழம்பைத் தொடவில்லை. வீட்டில் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

நேரலையை அன்றைக்கே அழித்தேன். என்ன பிரயோஜனம், அதற்குள் யார் யாரோ கருத்துகளோடு அப்படியே இறக்கி, பின்னணியில் திகில் இசையெல்லாம் சேர்த்துச் சுற்றவிட்டிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. பையன் ஃபோனில் அக்காவிடம், “அம்மா பேசவே மாட்டேங்கிறாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு என் ஃபோனையே பாத்துட்டு இருக்காங்க” என்று சொன்னானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் அந்த அம்மாவும் பெரியவரும் நின்றார்கள். கையில் தட்டு, பூ, பழம். அக்கா அடுப்படியிலிருந்து அசையவில்லை. நான் கட்டிலுக்கு அடியில் புகலாமா என்று யோசித்தேன்.

“கீழ எழுதியிருக்கதையெல்லாம் படிச்சேன்” என்று அந்த அம்மா ஆரம்பித்தார். நான் படிக்காமல் விட்ட கருத்துகளை அவர் ஒன்று விடாமல் படித்திருக்கிறார். ‘கிரேன்காரரு வூடாச்சே அது, தங்கமான மனுசன் ஆச்சே’ என்று ஒருத்தர். ‘கலை அக்கா எங்க புள்ளைங்களுக்குச் சும்மாவே பாடம் சொல்லிக் குடுத்துச்சு, அது வூட்டாண்ட எவனாச்சும் கைய வெச்சான், பேஜாராயிடும்’ என்று இன்னொருத்தர். இப்படித் தெருவே வரிந்து கட்டிக்கொண்டு எழுதியிருக்கிறது.

“கடைக்காரன் நாம கேட்டதுக்கு ஏதாவது சொல்லுவான், அதை எப்படி நம்ப? இவுக எல்லாம் யாரும் கேக்காமலே சொல்லியிருக்காவ” என்றபடி அக்காவைக் கூப்பிட்டுப் பூ வைத்தார். அக்கா அழுதாள், அம்மா அழுதாள், நானும் ஓரமாக நின்று அழுதேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “தம்பியப் பத்தித்தான் ஒருத்தரும் நல்லா எழுதல.”

கல்யாணத்தன்று என் ஃபோன் அவர் கைப்பையில்தான் இருந்தது. தாலி கட்டியபோது எல்லாரும் படம் எடுத்தார்கள், நான் அட்சதை போட்டேன். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அக்கா மாமனாரையும் மாமியாரையும், “இவங்கதான் மர்ம நபர்கள்” என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள்.

பிறகு எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண் வீட்டார் யாரும் எங்கள் தெருவுக்கு வந்து விசாரிக்கவில்லை. இணையத்தில் என் பெயரைத் தேடினால் முதலில் வருவது திகில் இசையோடு அந்த வீடியோதான். மூன்று இடம் அப்படியே நின்றுபோனது. நான்காவது இடத்துக்கு அக்காவின் மாமியாரே நேரில் போய் எனக்காகப் பேசினார்.

“பையன் நல்ல பையன். நான் விசாரிச்சுட்டேன்” என்றார். பிறகு பெண்ணின் அம்மா காதருகே குனிந்தார். “ஆனா நீங்க விசாரிக்க வாறதா இருந்தா, ஹெல்மெட் போட்டுட்டு வாங்க.”