கோக்கஸ் அண்ணையும் குட்மேய்ஸ் தலைவர் தேர்தலும்

இலண்டனில் வீடு வாங்கி, வரி கட்டி, முப்பது வருடமாக இலண்டனில் வாழாத ஒரே மனிதர் கோக்கஸ் அண்ணைதான். உடம்பு கிழக்கு இலண்டன் குட்மேய்ஸில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டியது. உயிர் அமெரிக்காவில், அயோவா என்ற சோளக்காட்டு மாநிலத்தில் இருந்தது. அந்த நாட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. "போய்ப் பார்த்தா ஆசை விட்டுப்போம்" என்பார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு பையோடு வந்து இறங்கி மூன்று கடை போட்டவன். இன்று என்னிடம் பட்டதாரிகள் வேலை செய்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட என் மண்டைக்குள் அமெரிக்கக் கட்சிகள் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் விதத்தை அடித்து ஏற்றியவர் அவர். அவருடைய காரில் ஏறியவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்தவர்களும் உண்டு. எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. நான் பெட்டி படுக்கையோடு ஹீத்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"முதலாளி, பிரைமரி எண்டால் உம்மடை கடையிலை பாண் வாங்கிற மாதிரி. வாறான், மறைப்புக்குப் பின்னாலை நிண்டு கீறுறான், பெட்டியிலை போடுறான், போறான். ஆருக்குப் போட்டவன் எண்டு மனுசிக்கும் தெரியாது. அயோவாவிலை நடக்கிற கோக்கஸ் எண்டால் கலியாணம் பேசுறது! சனம் ஒரு ஹோலிலை கூடவேணும், கதைக்கவேணும், பிறகு தன்ரை ஆளின்ரை மூலையிலை போய் நிக்கவேணும். முகத்தைக் காட்டவேணும்!"

"அந்த நேரம் ஷிப்டிலை நிக்கிறவன் என்ன அண்ணை செய்யிறது?"

காரை ஓரம் கட்டினார். எஞ்சினையும் நிறுத்தினார். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் பிரைமரிக்காரன்!"

இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் கார் நகர்ந்தது. விமானத்தை மயிரிழையில் பிடித்தேன்.

அவர் வெறும் பேச்சோடு நிற்கும் ஆள் இல்லை. மகளுக்கு இரண்டு சம்பந்தம் வந்தபோது உறவுக்காரர் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தார். வரவேற்பறையின் ஒரு சுவரில் கணக்காளர் மாப்பிள்ளையின் படம், எதிர்ச் சுவரில் எஞ்சினியர் மாப்பிள்ளையின் படம். "பிடிச்ச படத்துக்குக் கீழை போய் நில்லுங்கோ. நூற்றுக்குப் பதினைஞ்சு பேர் சேராத மூலை கலையவேணும். கலைஞ்ச ஆக்கள் மற்றப் பக்கம் போகலாம்." சனம் பட்டுச் சேலையோடு இடித்து நெரித்து அணிவகுத்தது. மணப்பெண்ணைத்தான் காணவில்லை. தேடிப்போனால் அவள் சமையலறையில், போனில், மூன்றாவது ஒருவனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். தாய்க்காரி தலையில் கை வைத்துக் குந்திவிட்டாள். கோக்கஸ் அண்ணை மட்டும் ஆனந்தப்பட்டார். "கடைசி நேர வேட்பாளர்! அங்கையும் இப்பிடி நடக்கும்!" அந்த மூன்றாவது பையன்தான் இன்று அவருடைய மருமகன்.

பிறகு, அயோவாவில் ஒரு கட்சி, மூலையில் நிற்பதை விட்டுவிட்டு வேட்பாளருக்குத் தபாலில் வாக்குப் போடும் முறைக்கு மாறியது. கோக்கஸ் அண்ணை மூன்று நாள் கார் எடுக்கவில்லை, மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்னவில்லை. நான் போனபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. அக்கம்பக்கத்தார் செத்தவீடென்று நினைத்து வந்திருந்தார்கள்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்றுவரை அந்த அதிர்ச்சி என்னை விட்டுப் போகவில்லை.

குட்மேய்ஸ் ஹோலில் கூடும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. நானும் ஹரோவில் இருக்கும் பல் டொக்டரும் போட்டி. எனக்கு அந்தப் பதவி வேண்டும். கடை மூன்று இருந்தும், மேடையில் ஏறிப் பேசக் கூப்பிடும்போது படித்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கதிரையில் ஒரு தடவையாவது உட்கார்ந்து காட்டவேண்டும் என்று இருபது வருடமாக எனக்குள் ஒரு நெருப்பு.

போன தடவை ஹோலில் இருந்த ஆட்களைவிடப் பெட்டிக்குள் இருந்த சீட்டுகள் அதிகம். அதனால் கோக்கஸ் அண்ணை கூட்டத்தில் எழும்பி, "இந்த முறை மூலையிலை நிப்பம்" என்றார். அதை முதல் ஆளாக வழிமொழிந்த மடையன் நான்தான். என் கடையில் வேலை பழகியவர்கள், என் வான் வண்டியில் வீடு மாறியவர்கள், என் முகத்துக்கு நேரே எவன் டொக்டரிடம் போவான் என்று நினைத்தேன். எங்கள் சனம் முகத்துக்கு நேரே எவருக்குமே 'இல்லை' சொல்லாது என்பதை மறந்துவிட்டேன். எனக்குத் தலையாட்டிய அதே தலைகள் டொக்டருக்கும் ஆடியிருந்தன.

கோக்கஸ் அண்ணை நடுவர். கழுத்தில் விசில். ஊதினார்.

நூற்றிருபது பேரில் நாற்பது பேர் டொக்டரின் மூலைக்குப் போனார்கள். என் மூலைக்குப் பதினொரு பேர். மிச்சம் அத்தனை பேரும் இரண்டு பேரையும் பகைக்காமல் தேநீர் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் என் மனைவி!

"இஞ்சை வாருமப்பா!" என்று கத்தினேன்.

"நான் தேத்தண்ணி ஊத்துறனப்பா. எப்பிடி வாறது?"

"நூற்றுக்குப் பதினைஞ்சு எண்டால் நூற்றிருபதிலை பதினெட்டுப் பேர் வேணும். முதலாளியின்ரை மூலை கலையுது" என்று கோக்கஸ் அண்ணை அறிவித்தார். "பத்து நிமிசம் இருக்கு. ஆள் பிடிக்கிறதெண்டால் பிடிக்கலாம்."

ஆள் பிடிப்பதா? இருந்தவர்களே கழன்றார்கள். முதலில் போனவன் என் சொந்த மச்சான். "அத்தான், சட்டம் எண்டபடியால்தான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும். மூன்று கடை நடத்தும் எனக்கு ஒருவனைக் கூப்பிட வாய் வரவில்லை. ஹோல் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் சுவரில் இருந்த தீயணைப்பு அறிவித்தலை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு நின்றேன்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. திரும்பினேன். கோக்கஸ் அண்ணை. விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணை, நடுவர் நிக்கேலாது. நீங்கள் சொன்ன சட்டம்."

"தெரியும்."

"ரெண்டு பேரெண்டாலும் கலையத்தான் வேணும்."

"அதுவும் தெரியும்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"பெட்டி வைச்சிருந்தால் நான் டொக்டருக்குத்தான் போட்டிருப்பன், முதலாளி. நீர் சரியான வாய்க்காரன்." சுவரில் சாய்ந்துகொண்டார். "பெட்டிக்குள்ளை போடேக்கை, ஒரு மனுசன் தனிய நிக்கிறது தெரியாது."

டொக்டர் தலைவரானார். மீதமிருந்த நிமிடங்கள் முழுவதும் நாங்கள் இருவரும் அந்த மூலையிலேயே தோளோடு தோள் முட்ட நின்றோம். அவர் அயோவாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்த மனிதர் வாய் மூடி நின்றதை என் வாழ்நாளில் நான் கண்டது அன்று மட்டும்தான், அதுவும் எனக்காக.