கரிசல் வாசித்த உரக்கடை அண்ணாச்சி

உலகத்திலேயே மண் பார்த்துப் பியானோ பாட்டைப் பொறுக்கிய ஒரே மனிதர், எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த உரக்கடை அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே ஆள் தெரியாது.

மணியாச்சியில் வேலை பார்த்த ரயில்வே அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் பியானோவையும் ஒரு கட்டுப் பாட்டுத் தாள்களையும் அண்ணாச்சிக்கு விற்றுவிட்டுப் போனார். யூரியா இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் இரண்டும் வந்து சேர்ந்தன. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் டீச்சர் ஒருவர் சொல்லிக்கொடுக்க வந்தார். முதல் பாடப் புத்தகத்தைத் திறந்ததுமே அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார்.

“என்ன டீச்சர், வெறும் பொட்டலால்லா கெடக்கு. அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு செடி நட்டா வெள்ளாமை எப்படி வரும்?”

தாள் கட்டைப் பிரித்து, சுரப் புள்ளிகள் அப்பிக் கறுத்துக் கிடந்த தாளாகப் பார்த்து உருவினார். “இதப் பாருங்க, நயம் கரிசல். இதுலயே ஆரம்பிப்போம்.”

“அண்ணாச்சி, அது பத்து வருசம் படிச்சவங்க வாசிக்கிறது.”

“லேசானத வாசிச்சா நம்மளையும் லேசாத்தான நெனப்பாவ.”

எந்தப் புள்ளிக்கு எந்தக் கட்டை என்று காட்டிக்கொடுத்துவிட்டு, தலைவலி என்று டீச்சர் வருவதை நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி தனியாக உழுதார். முதல் வரியைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. தெரு நாய்கள் பஸ் ஸ்டாண்டுக்குக் குடிபோய்விட்டன.

வீட்டில் கல்யாண வயதில் மகள் செல்வி இல்லாதிருந்தால் எல்லாம் சிரிப்போடு போயிருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து அந்தக் கரிசலை வாசித்தே தீருவார் அண்ணாச்சி. கயத்தாற்றிலிருந்து வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அடுத்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன், வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

“இந்தப் பெட்டி இருக்குத வரைக்கும் எம்மவ கழுத்துல தாலி ஏறாது” என்று அண்ணாச்சியின் மனைவி அடுப்படியில் அழுதார்.

அடுத்தது பசுவந்தனை இடம். தூரத்து உறவு, பையன் செல்வியோடு டைப்ரைட்டிங் படித்தவன். அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் அவள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

“அப்பா, அவிய வாரப்ப மட்டும் அந்த முதப் புஸ்தகத்துப் பாட்ட வாசிங்கப்பா.”

“எவிய?”

அவள் தரையைப் பார்த்தாள். பெயரை விழுங்கிவிட்டு வெறுமனே ‘அவிய’ என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் பக்கத்தில் அது புருஷன்தான். அண்ணாச்சி கரிசலை மடித்துப் பீரோவில் வைத்தார். அந்த வாரம் முழுக்கப் பொட்டலில் பாடுபட்டார்.

பசுவந்தனைக்காரர்கள் வந்தார்கள். அண்ணாச்சி வாசித்தார். பிள்ளை நடை பழகுகிற மாதிரித்தான் இருந்தது, ஆனால் ஒரு கட்டை பிசகவில்லை. மாப்பிள்ளையின் அப்பா காபியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “நல்லாருக்கே அண்ணாச்சி, இன்னும் பெருசா ஒண்ணு வாசிங்களேன்” என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணாச்சியின் கண் பீரோப் பக்கம் போனது. கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு பியானோவை மூடினார்.

“இல்ல சம்பந்தி, எனக்கு இவ்வளவுதான் தெரியும்.”

ஊரே கூடிக் கேட்டிருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்திருக்காத வார்த்தை அது. செல்வி அழுதுவிட்டாள். மாடியில் வாடகைக்கு இருக்கிறவன் இதற்கெல்லாம் அழலாமா தெரியவில்லை, நானும் அழுதேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.